பக்கத் தகட்டில் எண்பத்தேழு

ராலின்ஸ், வயோமிங்
9 பிப்ரவரி 1987

டார்லீன்,

'அன்புள்ள' என்று தொடங்க மனம் வரவில்லை. அதனால் போடவில்லை. தொலைபேசியில் பேசியிருக்கலாம். ஆனால் கிறிஸ்துமஸ் அன்று நான் பேசிக்கொண்டிருக்கும்போதே ரிசீவரை வைத்தவள் நீ. காகிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழிக்கலாம், ஆனால் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய். உன்னை எனக்குத் தெரியும்.

நேற்று ஞாயிறு. ரயில்வேயில் எனக்கு வேலை இல்லை. அப்பாவின் கைத்துப்பாக்கிக்கு எண்ணெய் போடலாமென்று எடுத்தேன். அடக்கம் முடிந்த அன்று நீ என் கையில் திணித்த பெட்டி, அதற்குப் பிறகு நேற்றுத்தான் திறக்கிறேன். அப்பா செய்வதுபோலவே மேசையில் செய்தித்தாள் விரித்து அக்கக்காகப் பிரித்து வைத்தேன். உனக்கு நினைவிருக்கும். அவர் போர் முடிந்து ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்ததில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஒவ்வொரு துண்டையும் நம் கையில் கொடுத்து, "நம்பர் எங்க இருக்கு, கண்டுபிடி பாப்போம்" என்பார். சட்டத்தில் முழு எண், 6241. சின்னத் துண்டுகளில் கடைசி இரண்டு இலக்கம் மட்டும். எல்லாவற்றிலும் 41. முதலில் கண்டுபிடித்தவருக்குப் பாப்பி விதை வைத்த கொலாச்சி ரொட்டி. பாதி நாள் நீதான் ஜெயிப்பாய்.

நேற்று நான் எண்ணிப் பார்த்தேன். குழாயில் 41. பிரிப்பதற்குத் திருப்புகிற நெம்பில் 41. சுடும் ஊசியில் 41. பக்கத் தகட்டில் 87. விசையில் 87.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். கானியைக் கூப்பிட்டு அவளையும் பார்க்கச் சொன்னேன். "எண்பத்தேழுதான். ஏன், அதுல என்ன?" என்றாள் என் மனைவி. அதில் என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்பா கடைசி இரண்டு வருஷம் உன் வீட்டில் இருந்தார். துப்பாக்கியும் உன் வீட்டில்தான் இருந்தது. அந்த வீட்டில் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பழைய துப்பாக்கிகளைப் பிரித்து மாட்டுகிறவர் ஒரே ஒருவர். அவர் பெயரை நான் எழுத வேண்டுமா?

அவரிடம் கேள். அப்பாவின் இரண்டு துண்டுகளும் எங்கே என்று கேள்.

ரோலண்ட்


வில்பர், நெப்ராஸ்கா
18 பிப்ரவரி 1987

ரோலண்ட்,

படித்தேன். கிழிக்கவில்லை. பத்திரமாக வைத்திருக்கிறேன், ஒரு மனிதன் எவ்வளவு கீழே இறங்க முடியும் என்று யாராவது கேட்டால் காட்டுவதற்கு.

பெட்டி உன்னிடம் போய் மூன்று மாதம் ஆகிறது. இந்த மூன்று மாதத்தில் அது எந்தெந்தக் கைக்குப் போனதோ! உன் ரயில்வே கூட்டாளிகளில் துப்பாக்கிப் பைத்தியம் இல்லாதவன் உண்டா? ஏதோ ஒரு மதுக்கடையில் மேசைமேல் வைத்துப் பிரித்துக் காட்டியிருப்பாய். அங்கே ஒருவன் இரண்டு துண்டை மாற்றியிருப்பான். மறுநாள் உனக்கு ஒன்றும் நினைவிருக்காது. இப்போது பழி போட ஓர் ஆள் வேண்டும், எங்கள் வீட்டில் கிடைத்துவிட்டார்.

என் கணவர் வெர்னைப் பற்றி யாரிடம் பேசுகிறாய் என்று யோசித்தாயா? எங்கள் பகுதி ஆயுத சேகரிப்பாளர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். ஒரு துப்பாக்கியில் எண்கள் ஒத்துப்போகிறதா என்று சந்தேகம் வந்தால் ஓமஹாவிலிருந்துகூட அவரிடம் கொண்டுவருகிறார்கள். சங்கத்துக் கிழவன் ஓரின் ஸ்டால் ஒரு ரைபிளில் பழைய எண்ணை ராவிவிட்டுப் புது எண்ணை அடித்து வைத்தபோது கண்டுபிடித்தவர் யார்? எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, "இந்த ஆளை இனிமே உள்ள விடாதீங்க" என்று சொன்னவர் யார்? அந்தக் கிழவன் அழுதுகொண்டே வெளியே போனான். வெர்ன் இரங்கவில்லை. அப்படிப்பட்டவர் மாமனாரின் துப்பாக்கியில் கை வைப்பாரா?

இரண்டு வருஷம் அப்பாவைக் குளிப்பாட்டியவள் நான். வாயைத் துடைத்தவள், படுக்கைத் துணி மாற்றியவள் நான். அவரைத் தூக்கித் திருப்பிப் போட உதவியவர் வெர்ன். நீ எத்தனை முறை வந்தாய் என்று விரல்விட்டு எண்ணினால் ஒரு கையில் மிச்ச விரல் நிறைய இருக்கும். அடக்கத்துக்கும் சவப்பெட்டியை மண்ணுக்குள் இறக்கிய பிறகுதானே வந்து சேர்ந்தாய். நான் அன்று சொன்னதை எல்லாரும் கேட்டார்கள், இப்போதும் சொல்கிறேன்: சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தாய்.

உன் கடிதத்தை வெர்னிடம் காட்டவில்லை. மன்னிப்புக் கேட்டு அவருக்கு நேராக ஒரு கடிதம் எழுது. அது வரும்வரை எனக்கு எழுதாதே.

டார்லீன்


ராலின்ஸ்
2 மார்ச் 1987

டார்லீன்,

மன்னிப்பு வராது.

நான் குடியை விட்டு நான்கு வருஷம் ஆகிறது. அது உனக்குத் தெரியாது. என்னைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

அடக்கத்தன்று பனிப்புயலில் நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். சரக்கு ரயில் இன்ஜினில் ஏறி நின்றுகொண்டு வந்தேன். அதைச் சொல்ல நீ எனக்கு இடம் கொடுக்கவில்லை. தட்டைக் கையில் எடுக்கும் முன்பே அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டாய். நான் அன்று சாப்பிடவில்லை. அதையாவது கவனித்தாயா?

நான் வரவில்லை என்கிறாய். தொலைபேசியில் எத்தனை முறை கூப்பிட்டேன் தெரியுமா? ஒவ்வொரு முறையும் வெர்ன்தான் எடுப்பார். "இப்பதான் கண்ணசந்தாரு, எழுப்ப வேணாம்" என்பார். போன வருஷம் வசந்தத்தில் வந்தேனே, அன்று அப்பா என்ன கேட்டார்? "அத எடுத்துட்டு வா, ரோலண்டோட உக்காந்து ஒரு தடவ பிரிச்சுப் பாக்கணும்" என்றார். வெர்ன் உடனே, "அது பேங்க் லாக்கர்ல பத்திரமா இருக்கு, மாமா" என்றார். நீ அடுப்படியில் இருந்தாய். உங்கள் வீட்டில் யாருடைய துப்பாக்கி பேங்க் லாக்கரில் இருக்கிறது? அவருடையவை எல்லாம் முன்னறைக் கண்ணாடி அலமாரியில்தானே இருக்கின்றன?

ஒரே ஒரு வேலை செய். அந்த அலமாரியில் நடுத்தட்டில், நீல ரிப்பன் குத்திய வெல்வெட்டுப் பலகையில், அப்பாவுடையதைப் போலவே ஒன்று இருக்கிறது. ஜெர்மனியில் எர்ஃபுர்ட் பட்டறையில் செய்தது என்று வெர்ன் ஆயிரம் முறை சொன்னது. அதன் எண்ணைப் படித்து எனக்கு எழுது. வேறொன்றும் வேண்டாம்.

ரோலண்ட்


வில்பர்
14 மார்ச் 1987

ரோலண்ட்,

உன் வாயை அடைக்கத்தான் பார்த்தேன். வேறு எதற்கும் இல்லை.

அதன் எண் 3841. சரி, கடைசி இரண்டு இலக்கம் 41. அதனால் என்ன? நூறு துப்பாக்கியில் ஒன்றுக்கு 41 என்று முடியத்தான் செய்யும். ஊருக்குள் வாழ்கிறவர்களில் இரண்டு பேருக்குப் பிறந்தநாள் ஒன்றாக இருந்தால் ஒருவன் மற்றவனின் பிறந்தநாளைத் திருடினான் என்பாயா? வெர்னின் துப்பாக்கியில் ஒவ்வொரு துண்டும் ஒத்துப்போகிறது. அதற்காகத்தான் போன ஏப்ரலில் சங்கத்தின் கண்காட்சியில் முதல் பரிசாக அந்த நீல ரிப்பனைக் கொடுத்தார்கள். அது அவருடைய பொறுமைக்குக் கிடைத்தது.

பொறுமை என்று எழுதும்போதே ஒன்று நினைவுக்கு வருகிறது. எழுதாமல் விட்டுவிடலாம், ஆனால் நான் எதையும் மறைக்கிறவள் இல்லை. பல வருஷமாக அந்தத் துப்பாக்கியில் ஏதோ இரண்டு துண்டு பொருந்தவில்லை என்று அவர் புலம்பிக்கொண்டிருந்தார். சங்கத்தின் மாதப் பத்திரிகையில் 41 என்று முடிகிற துண்டு யாரிடமாவது உண்டா என்று விளம்பரம்கூடக் கொடுத்தார். பிறகு புலம்பல் நின்றுவிட்டது. எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. எனக்கு அப்போது அப்பாவின் படுக்கைப் புண்ணைக் கவனிக்கவே நேரம் போதவில்லை. யாரோ அனுப்பியிருப்பார்கள். விளம்பரம் கொடுத்தால் கிடைக்காதா?

நீ குடியை விட்டது நல்லது. அதை ஒரு வரியில் எழுதிப் போட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? நான் ஜோசியமா பார்ப்பேன்?

லாக்கர் விஷயம் எனக்குத் தெரியாது. அப்பா துப்பாக்கியைக் கேட்டதும் தெரியாது. அன்று நான் உனக்காகத்தான் வாத்து வறுத்துக்கொண்டிருந்தேன்.

இத்துடன் இது முடிந்தது.

டார்லீன்

உன்னிடம் இருக்கும் அந்த 87 போட்ட துண்டுகளில் எண்ணைத் தவிர வேறு ஏதாவது குறி இருக்கிறதா? சும்மா கேட்கிறேன்.


ராலின்ஸ்
22 மார்ச் 1987

அக்கா,

சும்மா கேட்கிறாயாம். சரி, நானும் சும்மா பதில் சொல்கிறேன்.

குறி இருக்கிறது. நானும் அதை முதலில் கவனிக்கவில்லை. நீ கேட்ட பிறகு விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். 87 போட்ட இரண்டு துண்டிலும் எண்ணுக்குப் பக்கத்தில் கடுகளவு ஒரு கிரீடம் அடித்திருக்கிறது. அப்பாவுடையதில் மற்ற சின்னத் துண்டு எதிலும் அது இல்லை.

இங்கே துப்பாக்கி பழுதுபார்க்கிற ஹாஸ்கெல் என்று ஒருவர் இருக்கிறார், அவரிடம் எடுத்துப் போனேன். பார்த்த உடனேயே சிரித்தார். "இது எர்ஃபுர்ட் வேலைங்க. அங்க சோதிக்கறவன் ஆணிக்குக்கூட கிரீடம் அடிச்சுட்டுத்தான் வெளிய விடுவான். உங்கப்பாவோடது பெர்லின்ல செஞ்சது. அவங்க சின்னத் துண்டுல கிரீடம் அடிக்கறதில்ல. யாரோ மாத்தியிருக்கான்" என்றார். நான் யார் பெயரையும் சொல்லவில்லை.

அப்படியானால் வெர்னின் துப்பாக்கியில் எல்லாத் துண்டிலும் கிரீடம் இருக்க வேண்டும். பக்கத் தகட்டிலும் விசையிலும் கிரீடம் இருந்தால் நான் பொய்யன். நெப்ராஸ்காவுக்கு வந்து உன் வாசலில் நின்று அவர் காலைப் பிடிக்கிறேன். ரிப்பனை என் நெற்றியில் குத்திக்கொள்கிறேன். இல்லாவிட்டால்?

பிரிப்பது எப்படி என்று உனக்கு மறந்திருக்காது. குழாயைப் பின்னுக்குத் தள்ளிப் பிடி, நெம்பைக் கீழே திருப்பு, மேல்பாகம் முன்னால் வழுக்கிக்கொண்டு வரும், பக்கத் தகட்டைத் தூக்கினால் விசை கையோடு வந்துவிடும். குண்டு இருக்கிறதா என்று முதலில் பார்.

அவர் வீட்டில் இருக்கும்போது செய்யாதே என்று எழுத நினைத்தேன். பிறகு நீ யாருக்கும் பயப்படுகிறவள் இல்லையே என்று தோன்றியது. என்னையே மூஞ்சியில் அடித்தாற்போல் பேசுகிறாய். அந்தத் தைரியத்தைக் கொஞ்சம் அங்கேயும் காட்டு.

வாத்து நன்றாக இருந்தது. அதை அன்றே சொன்னேன். உன் காதில் விழவில்லை.

ரோலண்ட்


வில்பர்
5 ஏப்ரல் 1987

ரோலண்ட்,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இடையில் என்னைத் திட்டாதே, முழுசாகப் படி.

வெள்ளிக்கிழமை தேவாலயத்தில் தவக்கால மீன் விருந்து. வெர்ன் அங்கே மீன் பொரிக்கிற எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கப் போயிருந்தார். நான் தலைவலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டேன். அலமாரிச் சாவி எங்கே இருக்குமென்று தெரியும். மேசையில் செய்தித்தாள் விரித்தேன். குண்டு இருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். இல்லை. நெம்பைத் திருப்பியதும் மேல்பாகம் வழுக்கிக்கொண்டு வந்தது. அவருடைய பூதக்கண்ணாடியையே எடுத்து வைத்துக்கொண்டேன்.

பிரிப்பு நெம்பு, கிரீடம். சுடும் ஊசி, கிரீடம். பூட்டு ஆணி, அதில்கூடக் கிரீடம். பக்கத் தகட்டில் 41 இருந்தது, கிரீடம் இல்லை. விசையிலும் இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பழைய துணியால் துடைத்துவிட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை, வெறும் இரும்பு.

பிரித்த துண்டுகளை மறுபடி மாட்டவில்லை, அப்படியே விரித்து வைத்திருந்தேன். மீன் வாசனையோடு அவர் உள்ளே வந்து நின்றார்.

"என்ன பண்ணிட்டிருக்க? கையுறை இல்லாமயா தொட்ட? வேர்வை பட்டா துரு ஏறும்னு தெரியாதா?"

அதுதான் முதல் வார்த்தை.

"இது யாரோட விசை, வெர்ன்?" என்றேன்.

மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோட்டைக் கழற்றி நிதானமாக மாட்டினார். "ரோலண்டா சொன்னான்? அவனுக்கு நம்பர் படிக்கத் தெரியும்னு நான் நினைக்கவே இல்ல."

ரோலண்ட், அவர் மறுப்பார் என்றுதான் காத்திருந்தேன். ஒரு பொய் சொல்லியிருந்தால் பாதியாவது நம்பியிருப்பேன். சொல்லவில்லை. எதிரே உட்கார்ந்து, சங்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்குப் பாடம் எடுக்கிற குரலில் பேசினார். "இங்க பாரு. நாப்பத்தொண்ணு நாப்பத்தொண்ணுக்குப் போயிருக்கு. நான் எதையும் ராவல, எதையும் அடிக்கல. ஓரின் செஞ்சது மோசடி. இது அது இல்ல. உங்கப்பாவோடது அலமாரில வெக்கற துப்பாக்கியே இல்ல. மரப்பிடி உடஞ்சு, மேலெல்லாம் கீறி, அவரு அதால வால்நட் கொட்டையே உடைச்சிருக்காரு. அதுல எந்தத் தகடு இருந்தா என்ன? என்னோடது இந்த மாநிலத்துலயே முழுசா இருக்கற ஒண்ணு."

"முழுசா இல்லையே. அதனாலதான எடுத்தீங்க."

"டார்லீன், அவரு படுக்கையில கெடந்தாரு. விசை மாறுனது அவருக்குத் தெரியப்போகுதா?"

"அவரு கேட்டாரு. ரோலண்டோட சேந்து பிரிச்சுப் பாக்கணும்னு கேட்டாரு. நீங்க பேங்க்ல இருக்குன்னு சொன்னீங்க."

 "அத மாட்டி வெச்சிரு, மேசைய ஒழிச்சுக் கொடு, நான் இன்னும் சாப்பிடல" என்றார்.

நான் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டேன். அவரே மாட்டி வைத்திருக்கிறார். காலையில் அலமாரியில் ரிப்பனோடு பளபளவென்று இருந்தது.

எனக்கு எவ்வளவு கோபம் என்று எழுத வார்த்தை வரவில்லை. அதில் ஒரு பங்கு உன்மேலும் இருக்கிறது. நீ சொன்னது சரியாகப் போய்விட்டதே, அந்தக் கோபம். இந்தக் கடிதம் மன்னிப்புக் கேட்க எழுதியதில்லை. நடந்ததைச் சொல்ல எழுதியது.

டார்லீன்


ராலின்ஸ்
13 ஏப்ரல் 1987

அக்கா,

எழுத உட்கார்ந்தால் பேனா காகிதத்தைக் குத்துகிறது. கானி மூன்று காகிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டாள். "இதையெல்லாம் அனுப்பினா போலீஸ்தான் வரும்" என்கிறாள்.

அப்பா கேட்டதை அவர் காதில் வாங்கிக்கொண்டே இல்லையென்றார். அது மட்டும் எனக்கு ஜீரணமாகவில்லை. இரும்புத் துண்டு போகட்டும். அந்த ஒரு மத்தியானம் அப்பாவோடு நான் உட்கார்ந்திருக்க வேண்டியது. அடுத்த முறை நான் வந்தபோது அவருக்கு என் பெயரே நினைவில்லை. அதைத் திருப்பிக் கொடுக்க எந்த அலமாரியில் தேடுவார் உன் வீட்டுக்காரர்?

இருபத்தைந்தாம் தேதி கிராண்ட் ஐலண்டில் அவர்களுடைய கண்காட்சி என்று ஹாஸ்கெல் சொன்னார். நான் வருகிறேன். விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அவருடைய ரிப்பனையும் வெல்வெட்டையும் சேர்த்து அவர் வாயில் திணிக்கப் போகிறேன். சங்கத்துக்காரர்கள் தடுக்கட்டும் பார்க்கலாம்.

நீ ஒதுங்கி நில். போதும், நீ இன்னும் அந்த வீட்டில்தானே இருக்கிறாய்? அவருக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டு?

ரோலண்ட்


வில்பர்
17 ஏப்ரல் 1987

ரோலண்ட்,

நீ வராதே.

நீ வந்து அவர் தாடையில் ஒரு குத்து விட்டால் என்ன ஆகும் தெரியுமா? அவர் பாவப்பட்டவர் ஆகிவிடுவார். டார்லீனுடைய குடிகாரத் தம்பி வந்து தலைவரை அடித்தான் என்று ஊர் பேசும். நீ குடிப்பதில்லை என்று யார் போய் அவர்களுக்குச் சொல்வது? ஜெயிலில் உனக்கு நான் வாத்து வறுத்துக் கொண்டுவர வேண்டுமா?

நான் எந்த வீட்டில் இருக்கிறேன், யாருக்குச் சாப்பாடு போடுகிறேன் என்பதைப் பற்றி இன்னொரு வார்த்தை எழுதினால் உன் கடிதங்களைத் திறக்க மாட்டேன். நான் காரணமில்லாமல் எங்கேயும் இருக்கிறவள் இல்லை. அலமாரிச் சாவி இப்போது அவர் கழுத்தில் தொங்குகிறது. அந்தத் துப்பாக்கி பகல் வெளிச்சத்துக்கு வெளியே வருவது வருஷத்தில் ஒரு நாள். அதுவரை நான் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருப்பேன்.

விடுப்பை ரத்து செய்.

டார்லீன்


வில்பர்
28 ஏப்ரல் 1987

ரோலண்ட்,

முடிந்தது. சொல்கிறேன்.

இருபது வருஷமாக அந்தக் கண்காட்சியில் நான் காபி மேசைக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறேன். இந்த முறையும் அப்படித்தான் நின்றேன். மண்டபம் நிறையக் கூட்டம். வெர்ன் நடுவர் மேசையில், கழுத்தில் சங்கத்தின் பட்டையோடு. பக்கத்தில் க்ளெமென்ட் ருசிச்கா, நம் பழைய பள்ளி வாத்தியார். அவருக்கும் துப்பாக்கிதான் உயிர்.

ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே ஒரு இளைஞன் ஒரு ரைபிளைக் கொண்டுவந்தான். அவனுடைய தாத்தாவுடையதாம். வெர்ன் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு மைக்கிலேயே சொன்னார்: "உங்க தாத்தாவ யாரோ நல்லா ஏமாத்தியிருக்காங்க, தம்பி. பூட்டு நம்பர் வேற, உடம்பு நம்பர் வேற. இங்க இதுக்கு இடமில்ல." கூட்டம் சிரித்தது. அந்தப் பையனின் காது சிவந்துபோய்விட்டது. ரைபிளைப் போர்வையில் சுற்றுகிறான், கை வரவில்லை அவனுக்கு.

நான் காபிக் கெட்டிலைக் கீழே வைத்தேன். சரியான நேரம் பார்த்துச் செய்ய வேண்டுமென்று எத்தனையோ திட்டம் போட்டிருந்தேன். எல்லாம் மறந்துபோனது. ஏப்ரனோடு நேரே நடந்துபோய் நடுவர் மேசை முன்னால் நின்றேன்.

"தலைவரோடதையும் பிரிச்சுப் பாருங்க" என்றேன்.

முதலில் சிரித்தார்கள். யாரோ, "வீட்டுச் சண்டைய வீட்டுல வெச்சுக்கம்மா" என்றான்.

"ஏன், தலைவரோடது நீங்க யாரும் பிரிச்சே பாத்ததில்லையா? எர்ஃபுர்ட் துப்பாக்கில எல்லாத் துண்டுலயும் கிரீடம் இருக்குமா இருக்காதா? க்ளெமென்ட், நீங்க சொல்லுங்க."

"இருக்கும்" என்றார் க்ளெமென்ட்.

"அப்ப பாருங்க."

வெர்ன் மைக்கை மூடிக்கொண்டு என் பக்கம் குனிந்தார். "வீட்டுக்குப் போ, டார்லீன்." பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "அப்பா போனதுலருந்து இவளுக்கு உடம்பு சரியில்ல. தப்பா நினைக்காதீங்க."

ரோலண்ட், அந்த நிமிஷம் வரை எனக்குக் கொஞ்சம் பயம் இருந்தது. அந்த வார்த்தையோடு அது போய்விட்டது. "எனக்கு உடம்பு நல்லாத்தான் இருக்கு. உடம்பு சரியில்லாம எங்கப்பாதான் கெடந்தாரு. அவரு பக்கத்து ரூம்ல கெடக்கறப்பவே அவரோட துப்பாக்கியப் பிரிச்சு விசையையும் தகட்டையும் எடுத்து இதுல மாட்டி, இதே மேசையில முதல் பரிசு வாங்கினாரு உங்க தலைவர்!" என்றேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். எனக்கு மைக் தேவைப்படவில்லை.

முன்வரிசைக்காரர்கள் எழுந்து மேசையருகே வந்தார்கள். க்ளெமென்ட் வெல்வெட்டுப் பலகையைத் தன் பக்கம் இழுத்தார். வெர்ன் அதன்மேல் கையை வைத்தார். க்ளெமென்ட் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், பள்ளிக்கூடத்தில் பார்ப்பாரே, அதே பார்வை. கை விலகியது.

க்ளெமென்ட் அதைப் பிரித்து ஒவ்வொரு துண்டாகச் சொல்லிக்கொண்டே வைத்தார். "நெம்பு, கிரீடம். ஊசி, கிரீடம்." பக்கத் தகட்டை எடுத்தார். திருப்பினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "இல்ல" என்றார். விசையை எடுத்தார். "இதுலயும் இல்ல. வெர்ன், இது பெர்லின் துண்டு."

"நம்பர் ஒத்துப்போகுதுல்ல?" என்றார் வெர்ன். அவர் குரலை அப்படி நான் கேட்டதே இல்லை.

பின்வரிசையிலிருந்து ஒருவர் சொன்னார்: "ஓரின் ஸ்டாலுக்கும் ஒத்துத்தானப்பா போச்சு."

அப்போது யாரும் சிரிக்கவில்லை. நான் கையை நீட்டினேன். க்ளெமென்ட் இரண்டு துண்டையும் என் உள்ளங்கையில் வைத்தார். ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். கார் வெர்னுடையது, அதனால் பஸ்ஸில் வந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் ஏப்ரனைக் கழற்றவே இல்லை என்று கவனித்தேன்.

ரொட்டிக்கடைக்கு மேலே ஒரு அறை எடுத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தோடு புகையிலை டப்பாவில் பஞ்சு சுற்றி அந்த இரண்டு துண்டும் வருகின்றன. எடுத்து மாட்டு. உன்னிடம் இருக்கிற வெர்னுடைய 87 இரண்டையும் எனக்கு அனுப்பு. அவர் வாசலில் வைத்துவிட்டு வருகிறேன். அவருடைய பொருள் நம்மிடம் ஒரு ஆணிகூட இருக்கக் கூடாது.

டார்லீன்


ராலின்ஸ்
7 மே 1987

அக்கா,

டப்பா வந்தது. மாட்டினேன். தகடு உட்கார்ந்தபோது க்ளிக் என்றது. அந்த 87 இதுவரை அப்படிச் சத்தம் போட்டதே இல்லை, கொஞ்சம் ஆடிக்கொண்டேதான் இருந்தது. 87கள் இரண்டையும் இதே டப்பாவில் திருப்பி அனுப்புகிறேன். வாசலில் வைப்பதற்குப் பதில் கிணற்றில் போட்டாலும் எனக்குச் சம்மதம்.

நீ அந்த மண்டபத்தில் தனியாக நின்றதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது. நான் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். வராதே என்றாய், நானும் கேட்டேன். என் வாழ்க்கையில் நீ சொன்னதைக் கேட்டது அந்த ஒரு தடவைதான், அதுவும் தப்பான தடவை.

அறையில் என்ன இருக்கிறது? சூடு வருகிறதா? கானி கேட்கச் சொன்னாள். இங்கே வந்துவிடு என்றும் சொல்லச் சொன்னாள். நீ வர மாட்டாய் என்று நான் சொன்னேன்.

துப்பாக்கி சரியாகிவிட்டது. அதை வைத்து நம் சண்டையும் சரியாகிவிட்டது என்று நான் நடிக்கப் போவதில்லை. அடக்கத்தன்று எல்லார் முன்னாலும் நீ சொன்ன வார்த்தை இன்னும் என் தொண்டையில் நிற்கிறது. எழுத்தில் அதை எடுக்க முடியாது போலிருக்கிறது. உனக்கும் என்மேல் இருக்கிறது, தெரியும்.

ரோலண்ட்


வில்பர்
14 மே 1987

ரோலண்ட்,

87களை வெர்னின் கடிதப் பெட்டியில் போட்டுவிட்டேன். சன்னலில் திரை அசைந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று சொன்ன வார்த்தையை எழுத்தில் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன். அப்பாவின் கடைசி வருஷத்தைப் பற்றி உனக்கு ஒன்றும் தெரியாது. அவர் யாரைக் கூப்பிட்டுக் கத்தினார், நான் என்ன சொல்லி அடக்கினேன், எதுவும் தெரியாது. அதையெல்லாம் தபால்தலை ஒட்டி அனுப்ப முடியாது. நேரில் வந்து கேள். நான் கத்துவேன். நீயும் கத்து. கீழே ரொட்டிக்கடைக்காரிக்குக் காது கொஞ்சம் மந்தம்.

சூடு வருகிறது என்று கானியிடம் சொல். அறையில் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு மேசை இருக்கிறது. நாற்காலி ஒன்றுதான். அதில் நான் உட்காருவேன். நீ வரும்போது உனக்கு ஒன்று கொண்டுவா.

டார்லீன்